குழந்தைக்கு டி.பி. என்றால் முதலில் பெரியவரைத் தேடுங்கள்

வீட்டுக் குழந்தைக்குக் காசநோய் என்று இப்போதுதான் சொன்னார்களா? இல்லை, வீட்டில் ஒரு பெரியவருக்கு வந்திருக்கிறது, கூட இருக்கும் குழந்தைகளை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறீர்களா? இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. அக்கா மகளுக்கு மூன்று வயதில் டி.பி. வந்தபோது ஆறு மாதம் தினமும் மாத்திரை கரைத்துக் கொடுத்த ஆள், அவ்வளவுதான். அந்த ஆறு மாதத்தில் கேட்டதும் படித்ததும் தப்புச் செய்து கற்றதும் இதில் இருக்கின்றன. மருந்து, அளவு, எத்தனை மாதம் என்பதெல்லாம் உங்கள் டாக்டர் முடிவு. ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைக்கு டி.பி. வந்தால் அதை அனேகமாக ஒரு பெரியவர்தான் கொடுத்திருப்பார், அதுவும் பெரும்பாலும் அதே வீட்டில் இருப்பவர் அல்லது அடிக்கடி தூக்கிக் கொஞ்சுபவர். குழந்தைகளிடம் கிருமி குறைவாக இருக்கும், அவர்கள் இருமலில் அது அதிகம் வெளியே வராது, அதனால் குழந்தையிடமிருந்து குழந்தைக்குப் பரவுவது அபூர்வம். இதற்கு என்ன அர்த்தம்? குழந்தைக்கு நோய் என்று தெரிந்த அன்றே உங்கள் பக்கத்தில் இன்னொரு நோயாளி இருக்கிறார், அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

எங்கள் வீட்டில் அது தாத்தா. இரண்டு மாதமாக இருமிக்கொண்டிருந்தார், வயசான இருமல் என்று விட்டுவிட்டோம். பேத்தியைப் பரிசோதித்த டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "வீட்டில் யார் இருமுகிறார்கள்?" என்பதுதான். எல்லோரும் திரும்பித் தாத்தாவைப் பார்த்தோம்.

படி 1: எப்போது சந்தேகப்படுவது

குழந்தைக்கு இருமலும் காய்ச்சலும் வராத மாதம் உண்டா? அதனால்தான் இது தப்பிவிடுகிறது. பார்க்க வேண்டியது இருமல் எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதை இல்லை, எத்தனை நாளாக விடாமல் இருக்கிறது என்பதை. இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காத இருமல், வேறு காரணம் தெரியாமல் இரண்டு வாரத்துக்கு மேல் விட்டு விட்டு வரும் காய்ச்சல், எடை குறைவது அல்லது மாதக்கணக்கில் ஏறாமல் நிற்பது, ஓடி விளையாடிய பிள்ளை ஓரமாக உட்கார்ந்துவிடுவது, கழுத்தில் வலியில்லாத நெறிக்கட்டி. இவற்றில் எது இருந்தாலும் காட்டுங்கள். எடை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். அந்தக் கோடு மூன்று மாதமாகப் படுத்தே கிடக்கிறது என்றால் அது உங்களைவிடத் தெளிவாகப் பேசும்.

எங்கள் குழந்தையை முதலில் காட்டிய இடத்தில் மூன்று தடவை இருமல் சிரப் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது, "தாத்தாவும் இருமுகிறார்" என்று நாங்களும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நீங்கள் அதைக் கேட்காமலே சொல்லுங்கள்.

டி.பி. நுரையீரலோடு நிற்காது. நெறிக்கட்டி, எலும்பு, முதுகுத்தண்டு, வயிறு, மூளையைச் சுற்றிய உறை என்று எங்கும் போகும். இதில் மூளை உறைக்குப் போவதுதான் பயப்பட வேண்டியது, அதுவும் சின்னக் குழந்தைகளில். விடாத தலைவலி, காரணமில்லாத வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், கழுத்து விறைப்பு, வலிப்பு, கைக்குழந்தைக்கு உச்சிக்குழி புடைப்பு, இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் நாளைக் காலை என்று தள்ளாதீர்கள். அந்த நேரமே ஆஸ்பத்திரி. முதுகில் புதிதாக ஒரு கூன் மாதிரி முட்டிக்கொண்டு தெரிந்தாலும் அதை விளையாட்டாக விடக்கூடாது.

வயது முக்கியம். கிருமி உடம்பில் நுழைந்தவர்கள் எல்லோருக்கும் நோய் வராது, பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுக்க வராமலே போகலாம். ஆனால் ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தொற்று ஏற்பட்டு ஒன்றும் செய்யாமல் விட்டால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோயாக மாறிவிடும். ஐந்து வயது வரை இந்த ஆபத்து கூடுதல்தான், அதுவும் தொற்றிய முதல் ஒரு வருடத்துக்குள்ளேயே பெரும்பாலும் வந்துவிடும். எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளுக்கும் கடுமையான சத்துக்குறைவு உள்ள குழந்தைகளுக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

படி 2: சோதனைகள், அவற்றை எப்படிப் புரிந்துகொள்வது

பெரியவர் என்றால் சளியைத் துப்பிக் கொடுப்பார், லேபில் கிருமி தெரியும், முடிந்தது. குழந்தைக்குச் சளி துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். துப்பினாலும் அதில் கிருமி கொஞ்சம்தான் இருக்கும். அதனால் காலையில் வெறும் வயிற்றில் மூக்கு வழியாகச் சிறு குழாய் விட்டு இரைப்பை நீரை எடுப்பார்கள், அல்லது உப்புநீர் ஆவி பிடிக்கவைத்துச் சளி வரவழைப்பார்கள். இப்போது மலத்தையே எடுத்து கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரத்தில் சோதிக்கலாம், விழுங்கிய சளி கடைசியில் அங்கேதான் போகிறது. குழாய் விடும்போது குழந்தை அழுவதைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தெரியும். உங்கள் ஆஸ்பத்திரியில் மலச் சோதனை உண்டா என்று கேளுங்கள். ஜீன்எக்ஸ்பர்ட்டில் இன்னொரு லாபம், கிருமி கிடைத்தால் ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதும் சேர்ந்தே தெரியும்.

மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ சோதனையும் இருக்கும். அதை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் போய்க் காட்டி அளக்க வேண்டும், விட்டுவிட்டால் பயனில்லை. அளப்பது சிவப்பை அல்ல, தடிப்பை. பொதுவாக 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் பாசிட்டிவ், எச்.ஐ.வி. அல்லது கடுமையான சத்துக்குறைவு இருந்தால் 5 மில்லிமீட்டரே போதும். இந்தச் சோதனை சொல்வது "கிருமி உடம்புக்குள் வந்திருக்கிறது" என்பதை மட்டும்தான், "நோய் வந்துவிட்டது" என்று அது சொல்லாது. இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். மறுபக்கம், நெகட்டிவ் வந்தால் டி.பி. இல்லை என்றும் முடிவு கட்ட முடியாது, நோய் கடுமையாக இருக்கும் குழந்தைக்கும் நெகட்டிவ் வரும். கூடவே எச்.ஐ.வி. சோதனையும் கேட்பார்கள். சங்கடப்பட வேண்டாம், டி.பி. என்றால் எல்லோருக்கும் எடுப்பதுதான்.

கடைசியில், எல்லாச் சோதனையும் நெகட்டிவாக இருந்தும் டாக்டர் "டி.பி. மருந்து தொடங்கலாம்" என்று சொல்லலாம். கிருமியே கிடைக்காமல் எப்படி என்று உங்களுக்குக் கோபம் வரும், எங்களுக்கும் வந்தது. ஆனால் குழந்தைகள் விஷயத்தில் அறிகுறி, எக்ஸ்ரே, பக்கத்தில் ஒரு நோயாளி, இந்த மூன்றையும் சேர்த்து முடிவெடுப்பதுதான் நடைமுறை. உலக சுகாதார நிறுவனமே 2022இல் இதற்காக மதிப்பெண் போட்டு முடிவெடுக்கும் முறையைப் பரிந்துரைத்தது. இந்த நோயில் இறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானோர் சிகிச்சையே தொடங்கப்படாதவர்கள், ஆய்வாளர்கள் போட்ட கணக்கில் அது 96 சதவீதம். ஆதாரத்துக்காகக் காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு.

படி 3: மருந்து

சாதாரண டி.பி. என்றால் முதல் இரண்டு மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, பெரும்பாலும் கூடவே எத்தாம்பியூட்டால். அதன் பிறகு ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டு மட்டும் நான்கு மாதம். மொத்தம் ஆறு. நோய் லேசாக இருந்தால் இந்த இரண்டாம் கட்டத்தை இரண்டு மாதமாகக் குறைத்து நான்கே மாதத்தில் முடிக்கலாம். உகாண்டா, சாம்பியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளில் 1204 குழந்தைகளை வைத்துச் செய்த ஷைன் என்ற ஆய்வு, இவர்களுக்கு நான்கு மாதம் ஆறு மாதத்துக்குச் சளைத்ததில்லை என்று காட்டியது. 3 மாதம் முதல் 16 வயது வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். எங்கள் குழந்தைக்கு மார்புக்குள் நெறிக்கட்டி வீங்கி மூச்சுக்குழாயை அழுத்திக்கொண்டிருந்தது, அதனால் அது லேசான வகையில் சேராது என்று ஆறு மாதமே கொடுத்தார்கள். உங்கள் குழந்தை எந்த வகை என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. மூளை உறையிலோ எலும்பிலோ வந்தால் வழக்கமாக 12 மாதம் வரை போகும், மூளை உறை என்றால் ஸ்டீராய்டும் சேர்ப்பார்கள்.

அளவு எடையைப் பொறுத்தது. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு ஐசோனியாசிட் 10 மில்லிகிராம், ரிஃபாம்பிசின் 15, பைரசினமைடு 35, எத்தாம்பியூட்டால் 20 என்பது கணக்கு. இதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், நீங்கள் எதையும் பெருக்க வேண்டியதில்லை. முதல் மூன்று மருந்தும் சேர்ந்தே ஒரு மாத்திரை, தண்ணீரில் கரையும், பழ வாசனையோடு வரும். 4 முதல் 7 கிலோ வரை ஒன்று, 8 முதல் 11 வரை இரண்டு, 12 முதல் 15 வரை மூன்று, 16 முதல் 24 வரை நான்கு, 25 கிலோ வந்துவிட்டால் பெரியவர்கள் மாத்திரை. எத்தாம்பியூட்டால் மட்டும் தனியாக வரும்.

மாதாமாதம் எடை பாருங்கள், பார்த்தே ஆக வேண்டும். மருந்து வேலை செய்தால் குழந்தை எடை போடும், எடை போட்டால் அளவு மாறும். எங்கள் குழந்தை 11 கிலோவில் தொடங்கியது, இரண்டு மாத்திரை. மூன்றாவது மாதம் 12 தாண்டியதும் மூன்றானது. மாத்திரை கூடுகிறதே, நோய் முற்றிவிட்டதோ என்று அக்கா அழுதுவிட்டாள். விஷயம் நேர்மாறு.

இனி கொடுக்கும் முறை. இதில்தான் நாங்கள் அதிகம் திணறினோம்.

வெறும் வயிற்றில் கொடுப்பது நல்லது, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் அல்லது இரண்டு மணி நேரம் கழித்து. தினமும் ஒரே நேரம். நாங்கள் எழுந்தவுடன் என்று வைத்துக்கொண்டோம், அப்போது பாதித் தூக்கத்தில் சண்டை போடாது. குடிக்கத்தக்க சுத்தமான தண்ணீரில் முழுதும் கரையவிட்டு உடனே கொடுத்துவிட வேண்டும், கரைத்து வைத்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்பது கூடாது. கடைசியில் டம்ளரில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் கொடுங்கள், அடியில் மருந்து தங்கும். கைக்குழந்தைக்கு ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துக் கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மூக்கைப் பிடித்து ஊற்றாதீர்கள். முதல் வாரம் நாங்கள் அப்படித்தான் செய்தோம், பிறகு டம்ளரைப் பார்த்தாலே வாந்தி வரும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோம். அதைச் சரிசெய்ய இன்னொரு வாரம் ஆனது. கடைசியில் உதவியது ஒரு காலண்டரும் நட்சத்திர ஒட்டிகளும்தான். குடித்ததும் அவளே ஒட்டுவாள். எங்களுக்கும் நாள் தவறாமல் இருக்க அது கணக்கானது.

கொடுத்த அரை மணி நேரத்துக்குள் முழுதும் வாந்தி எடுத்தால் பொதுவாக மறுபடி கொடுக்கச் சொல்வார்கள், அதற்குப் பிறகு என்றால் வேண்டாம். இதை மருந்து வாங்கும் முதல் நாளே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள், வாந்தி எடுக்கும் நேரத்தில் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். கண்ணீர்கூட அப்படி வரும். அது ரிஃபாம்பிசினின் நிறம், ரத்தம் இல்லை. இதை முன்கூட்டியே பாட்டியிடமும் சொல்லிவையுங்கள்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது கல்லீரல். குழந்தைகளுக்கு இது பெரியவர்களைவிடக் குறைவாகத்தான் வரும், ஆனால் வந்தால் விளையாட்டில்லை. கண் மஞ்சளாவது, நிற்காத வாந்தி, வயிற்றின் வலப்பக்கம் வலி, சாப்பாட்டைப் பார்த்தாலே வெறுப்பு இவை தெரிந்தால் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள். எத்தாம்பியூட்டால் கண் பார்வையையும் நிறம் பிரித்துப் பார்ப்பதையும் பாதிக்கலாம், சரியான அளவில் அது மிக அபூர்வம். என்றாலும் பொருளைத் தடவித் தேடுகிறது, நிறம் மாற்றிச் சொல்கிறது என்றால் சொல்லுங்கள். ஐசோனியாசிட் பி6 வைட்டமினைக் குறைக்கும், அதனால் சத்துக்குறைவுள்ள குழந்தை, தாய்ப்பால் குடிக்கும் கைக்குழந்தை, எச்.ஐ.வி. உள்ள குழந்தை, பதின்வயதினர் இவர்களுக்கு பைரிடாக்சின் (அதுதான் பி6) சேர்த்துத் தருவார்கள். தரவில்லை என்றால் வேண்டுமா என்று கேளுங்கள். வேறு எந்த மருந்து சாப்பிட்டாலும், குறிப்பாக வலிப்பு மருந்தோ எச்.ஐ.வி. மருந்தோ, முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரிஃபாம்பிசின் பல மருந்துகளின் வேகத்தைக் குறைத்துவிடும்.

ஒரு மாதத்திலேயே குழந்தை துள்ளிக் குதிக்கும். மருந்தை நிறுத்தத் தோன்றுகிற சமயம் சரியாக அதுதான். காய்ச்சல் போய்விட்டது என்பதற்கும் கிருமி போய்விட்டது என்பதற்கும் மாதக்கணக்கில் தூரம் உண்டு, நடுவில் நிறுத்தினால் மிச்சமிருப்பது மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறலாம். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. மருந்து சாப்பிடும்போதே சில குழந்தைகளுக்கு நெறிக்கட்டி முன்பைவிடப் பெரிதாகும், கிருமி சாகச் சாக உடம்பு காட்டும் எதிர்வினையாக அது இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தாத்தாவுக்கு வந்தது மருந்துக்கு அடங்காத டி.பி. என்று தெரிந்தால் குழந்தைக்கும் அதுவே என்று எடுத்துக்கொண்டுதான் மருந்து தேர்ந்தெடுப்பார்கள், ஏனென்றால் கிருமி அவரிடமிருந்து வந்தது. அதனால் பெரியவரின் சோதனை முடிவின் நகல் குழந்தையின் ஃபைலில் இருக்கட்டும். முன்பெல்லாம் இதற்கு மாதக்கணக்கில் ஊசி, அதில் காது கேட்காமல் போன குழந்தைகள் உண்டு. 2022 முதல் பெடாகுலின், டெலமானிட் மாத்திரைகளை எல்லா வயதுக் குழந்தைகளுக்கும் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

படி 4: மற்ற குழந்தைகளைக் காப்பது

ஒரு தாளை எடுத்து, நோய் வந்த பெரியவரோடு கடந்த மூன்று மாதத்தில் ஒரே வீட்டில் இருந்தவர்கள், ஒரே அறையில் அதிக நேரம் இருந்தவர்கள் எல்லோர் பெயரையும் எழுதுங்கள். விடுமுறைக்கு வந்து ஒரு மாதம் தங்கிப்போன குழந்தையும் அதில் வரும். அத்தனை பேரையும் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

நோய் இல்லை என்று உறுதியான குழந்தைக்குத் தடுப்பு மருந்து உண்டு. ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் இது கட்டாயம் மாதிரி, மற்ற வயதினரும் எடுக்கலாம். ஐசோனியாசிட் தினமும் ஆறு மாதம் என்பது பழைய முறை. இப்போது ஐசோனியாசிட்டும் ரிஃபாம்பிசினும் தினமும் மூன்று மாதம், அல்லது ஐசோனியாசிட்டும் ரிஃபாபென்டினும் வாரம் ஒரு தடவை, 12 வாரம். இந்த வார முறையைப் பொதுவாக 2 வயதுக்கு மேல் கொடுக்கிறார்கள். வீட்டில் இருப்பது மருந்துக்கு அடங்காத வகை என்றால் லீவோஃப்ளாக்சசின் ஆறு மாதம், இது 2024இல் பரிந்துரைக்கப்பட்டது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள ஆரோக்கியமான குழந்தைக்கு இவற்றைத் தொடங்க மாண்டூ சோதனை அவசியம் இல்லை, அந்த ஊசி கிடைக்கவில்லை என்று யாராவது தள்ளிப்போட்டால் இதைச் சொல்லுங்கள்.

"நன்றாக இருக்கும் குழந்தைக்கு எதற்கு மூன்று மாதம் மாத்திரை?" அக்காவின் கைக்குழந்தைக்கு எழுதிக் கொடுத்தபோது வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் குழந்தை தாத்தா மடியில்தான் தூங்கும்.

பிசிஜி என்ற டி.பி. தடுப்பூசி போட்டாயிற்றே என்பார்கள். 1921இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்ட மருந்து இது, இன்றும் இதுதான் இருக்கிறது. மூளை உறைக்குப் போவது, ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் பரவுவது மாதிரியான கொடிய வகைகளிலிருந்து சின்னக் குழந்தைகளைக் காப்பதில் இது நல்ல ஊசி. நுரையீரல் டி.பி.யைத் தடுப்பதில் அவ்வளவு நம்ப முடியாது. பிறந்தவுடன் போட்டுவிடுங்கள், ஆனால் போட்டுவிட்டோம் என்று மற்றதை விடாதீர்கள். போட்ட இடத்தில் சில வாரம் கழித்துச் சிறு கட்டி வந்து, புண்ணாகி, தானே ஆறித் தழும்பாகும். அதில் எதையும் தடவ வேண்டாம். தழும்பு வரவில்லை என்றாலும் மறுபடி போடத் தேவையில்லை.

அம்மாவுக்கே டி.பி. என்றால் குழந்தையைப் பிரிக்க வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். பாலில் கிருமி வராது, காற்றில்தான் வரும். அம்மா மருந்து சாப்பிட்டுக்கொண்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு பால் கொடுக்கலாம். பிறந்த குழந்தைக்கு நோய் இல்லை என்று பார்த்துவிட்டுத் தடுப்பு மருந்து தொடங்குவார்கள், அது நடக்கும்போது பிசிஜியைத் தள்ளி வைத்து, முடிந்த பிறகு போடுவார்கள்.

தட்டு, டம்ளர், துணி, பொம்மை மூலம் இது பரவாது. தாத்தாவின் தட்டைத் தனியாக வைத்து எந்தப் பயனும் இல்லை, மனிதர் மனம் நோவதுதான் மிச்சம். பயன் உள்ளது வேறு: ஜன்னலைத் திறப்பது, வெளிச்சம் வரவிடுவது, இருமும்போது வாயை மூடுவது, முதல் சில வாரம் அவர் தனி அறையில் தூங்குவது, எல்லாவற்றுக்கும் மேலாக அவர் மருந்தை விடாமல் சாப்பிடுவது. சரியான மருந்து தொடங்கி இரண்டு வாரம் போல் ஆனால் பரப்பும் ஆபத்து வேகமாகக் குறைந்துவிடும். பள்ளிக்கும் அதே கணக்கு. சின்னக் குழந்தை உடம்பு தேறியதும் போகலாம், பெரியவர்களைப் போலவே பரப்பக்கூடிய பதின்வயதினர் மட்டும் டாக்டர் சொல்லும் வரை காத்திருக்கட்டும்.

மருந்து முடிந்த பிறகு

கடைசி எக்ஸ்ரேயில் இன்னும் ஏதோ நிழல் தெரிகிறது என்று சொல்லலாம். குழந்தை நன்றாக எடை போட்டு ஓடிக்கொண்டிருந்தால் அது பழைய தழும்பாக இருக்கலாம், நெறிக்கட்டிகள் சுருங்க இன்னும் மாதங்கள் ஆகும். முதல் எக்ஸ்ரே, கடைசி எக்ஸ்ரே, சாப்பிட்ட மருந்துகள், தொடங்கிய தேதி, முடித்த தேதி எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள், காலண்டரையும் சேர்த்து. ஒரு தடவை வந்தால் மறுபடி வராது என்று கிடையாது. திரும்ப இரண்டு வாரம் இருமல் என்றால் அந்த ஃபைலோடு போங்கள், போகும்போது வீட்டில் வேறு யார் இருமுகிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள்.